வண்டிக்கு வந்த ஜுரம்

குழந்தைக்கு ராத்திரி முழுதும் உடம்பு அனலாய்க் கொதிக்கும். விடிந்ததும் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினால், அது அவருடைய ஸ்டெதாஸ்கோப்பைப் பிடித்திழுத்து விளையாடிக் கொண்டிருக்கும். "ஜுரமே இல்லையே, அம்மா!" என்பார் டாக்டர். அம்மாவின் முகத்தில் அசடு வழியும்.

மோட்டார் சைக்கிளுக்கும் இப்படி ஒரு ஜுரம் உண்டு. காலையில் ஒரே உதையில் கிளம்பும். வெயிலில் ஓடிவிட்டுக் கடை வாசலில் ஐந்து நிமிஷம் நின்றதோ, போச்சு! உதைக்கிறவர் கால்தான் வீங்கும். அரை மணி ஆறப்போட்டால், ஒன்றுமே நடக்காதது போல் சாதுவாகக் கிளம்பிவிடும்.

விருதுநகர் மாவட்டத்தில், அர்ச்சுனா நதியின் அணையை ஒட்டிய ஆனைக்குட்டத்தில் என் பெரியம்மா மகள் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அத்தான் சிவகாசி அச்சகங்களிலிருந்து காலண்டர், டயரிக் கட்டுகளை வாங்கி ஊர் ஊராய்க் கடைகளுக்குப் போடுகிறவர். அவருடைய பழைய மோட்டார் சைக்கிளுக்குத்தான் மேற்படி ஜுரம். வண்டி நின்றால் பிழைப்பும் நின்றது. சென்ற சித்திரையில் நான் போயிருந்த சமயம், பட்டறையில் இன்ஜினையே பிரிக்க வேண்டும் என்றும், பன்னிரண்டாயிரம் ஆகும் என்றும் சொல்லியிருந்தார்கள். அக்கா கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மஞ்சள் பையில் வைத்துவிட்டாள். பை அடகுக் கடைக்குக் கிளம்ப வேண்டியதுதான் பாக்கி.

புறப்படுமுன் அவள் ஒரு கேள்வி கேட்டாள்.

"வண்டி சூடா இருக்கையில பட்டறைக்காரர் பார்த்தாராங்க?"

"எங்கே? சாயங்காலம் விட்டுட்டு வந்தேன். மறுநாள் காலையிலதான் கை வச்சார்."

"அப்போ சீக்காளியைப் பார்க்காமலே மருந்து எழுதியிருக்காரா?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் பதில் சொல்ல முடியாமல் சிரித்துவிட்டேன். ஆனால் அக்கா கேட்டது எத்தனை நியாயம், பாருங்கள்!

சூட்டில் கிளம்பாத வண்டியில் சந்தேகப்பட வேண்டிய ஆசாமிகள் மூவர். முதல் ஆசாமி பெட்ரோல். அதன் இலேசான பகுதிகள் சுமார் 40 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். ஓட்டம் நின்றதும் காற்றும் நின்று, இன்ஜினின் சூடு கார்புரேட்டருக்கு ஏறும். பெட்ரோல் ஆவி மிகுந்து வண்டி திணறும். அப்போது சோக்கைத் தொடாமல், ஆக்ஸிலேட்டரை முழுதும் திருகிப் பிடித்துக்கொண்டு உதைக்க வேண்டும். டாங்க் மூடியின் காற்றுத் துளை அடைபட்டாலும் பெட்ரோல் சரியாக இறங்காது.

இரண்டாவது ஆசாமி வால்வு. சூட்டில் உலோகம் நீளுமல்லவா? இடைவெளி போதாவிட்டால் வால்வு முழுதும் மூடாது. கிக்கர் தடையில்லாமல் தொளதொளவென்று இறங்கும்.

மூன்றாவது ஆசாமி மின்பொறி. 1955-ல் சென்னையில் என்பீல்டு இந்தியா தொடங்கிய காலத்திலும், அதன் பிறகு வெகுகாலமும், பிளாட்டினம் பாயிண்ட், கண்டென்ஸர், காயில் மூன்றும் கூடித்தான் பொறி கொடுத்தன. காயிலுக்குள் மயிரிழை போன்ற கம்பி ஆயிரக்கணக்கில் சுற்றியிருக்கும். கம்பியின் மேல்பூச்சு நைந்துபோனால், சூட்டில் மின்சாரம் உள்ளுக்குள்ளேயே கசிந்து பொறி சோனியாகிவிடும். ஆறினால் பழையபடி நன்றாக வரும்!

பாரத் ஸ்டேஜ் 6 விதி அமலான 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த புது வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டரே கிடையாது. ஆனால் அத்தானுடையது போன்ற பழைய வண்டிகள் எத்தனை வீட்டு வாசலில் நிற்கின்றன!

அன்று உச்சி வெயிலில் அத்தான் வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, வேப்பமரத்தடியில் நிறுத்தினார். ஐந்து நிமிஷம் கழித்து உதைத்தார். கிளம்பவில்லை. "இப்பப் பாருங்க!" என்றாள் அக்கா.

டாங்க் மூடியைத் திறந்து பார்த்தார்; மாற்றமில்லை. கார்புரேட்டர் திருகைத் தளர்த்தினார்; பெட்ரோல் நன்றாகவே வந்தது. கிக்கரும் கனமாகத்தான் இறங்கியது. ஆக, இரண்டு ஆசாமிகள் விடுதலை. பிறகு பெட்ரோல் குழாயை மூடி, சிந்தியதைத் துடைத்து, துணியையும் தூரப் போட்டுவிட்டுத்தான் பிளக்கைக் கழற்றினார். நெருப்பின் குணம் பட்டாசு ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பிளக்கை அதன் துவாரத்துக்கு எட்ட, இன்ஜின் இரும்பில் ஒட்டிப் பிடித்து உதைத்தார். பளிச்சென்ற நீலப் பொறி வரவேண்டிய இடத்தில், மங்கலாய் மஞ்சளாய் ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது.

பிளக்கை மாட்டி, சாவியை அணைத்தார். அக்கா பானைத் தண்ணீரில் ஒரு துணியை நனைத்துப் பிழிந்து கொடுத்தாள். அத்தான் அதைக் காயில் மேல் மட்டும் சுற்றிவைத்தார். சில நிமிஷம் கழித்து எடுத்து, ஈரத்தைத் துடைத்தார். இன்ஜின் இன்னும் கை வைக்க முடியாத சூட்டில்தான் இருந்தது. உதைத்தார். ஒரே உதை! வண்டி உறுமியது.

புதுக் காயில் சில நூறு ரூபாயோடு போயிற்று. அன்று மாலையே சங்கிலி அக்காவின் கழுத்துக்குத் திரும்பிவிட்டது.

எல்லா வண்டிக்கும் காயில்தான் குற்றவாளி என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் எத்தனை தூரம் ஓடியது, எத்தனை நிமிஷம் நின்றது, எதைச் செய்ததும் கிளம்பியது என்பதெல்லாம் கூட இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். அவற்றை ஒரு சீட்டில் குறித்துவைத்துப் பட்டறையில் கொடுங்கள். "சூடாக இருக்கும்போதே பாருங்கள்" என்று தயங்காமல் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார். பாதி வேலை முடிந்தது என்று சந்தோஷப்படுவார்.