யாம் தேடிய படம்

இம்மலரின் ஆசிரியர் எம்மிடம் ஒரு கட்டுரை வேண்டியபொழுது, விடுதி வாழ்க்கையைப் பற்றி எழுதுவோம் என்றே முதலில் எண்ணினோம். ஆயின் விடுதியின் மணியோசையையும், மாலைப் பிரார்த்தனையையும், வெள்ளிக்கிழமைச் சாம்பாரையும் எம்மினும் இனிது வரைய வல்லார் பலர் இம்மலரில் எழுதியிருப்பர். ஆதலின், இம்மலரின் பொருட்டு ஈராண்டாக யாம் செய்த ஒரு சிறு வேலையைக் கூறத் துணிந்தோம். அவ்வேலை கணினியிற் கோப்புத் தேடுதல். இதிற் கூறுதற்கு யாதுண்டு என்பார் சற்றுப் பொறுத்தருள்க.

எம் ஊர் அனலைதீவு. ஊர்காவற்றுறையில் வள்ளம் ஏறவேண்டும்; காற்று இணங்கிய நாளிற் பயணம் இனிது, இணங்காத நாளில் உடுத்த வேட்டி உப்பில் நனையும். புகையிலைத் தோட்டங்களும் பனங்கூடல்களும் ஐயனார் கோயிலும் நிறைந்த அத்தீவிலிருந்து நம் கல்லூரி விடுதிக்கு வந்து சேர்ந்தவருள் யாமும் உள்ளோம். எமக்கு ஒரு தலைமுறை முன்னர் வந்து கற்றவர் ஒருவர் இருந்தார். 1963ஆம் ஆண்டிற் கல்லூரிச் சொற்போர்க் கழகத்தில் முன்னின்றவர். 1974இற் கொழும்பிற் காய்ச்சல் கண்டு இளவயதிலேயே மறைந்தார். அவர் பேச்சின் திறத்தைப் பற்றி ஊரார் சொல்லக் கேட்டதன்றி யாம் அவரைக் கண்டதில்லை.

அவருடைய தங்கையார் எண்பதை அணுகியவர். இன்றும் அத்தீவிலேயே வாழ்கின்றார். 1990இல் தீவகத்து மக்கள் பெருந்தொகையினராய் இடம்பெயர்ந்தபொழுது இவரும் வெளியேறினார். மீண்டு வந்தபொழுது வீட்டிற் கூரையும் இல்லை, பெட்டகமும் இல்லை. தமையனாரின் படம் ஒன்றேனும் எஞ்சவில்லை. மலருக்காகக் கல்லூரியின் பழம்படங்கள் திரட்டப்படுகின்றன என்று கேள்வியுற்றுத் தொலைபேசியில் எம்மை அழைத்தார். "தம்பி, அண்ணையின்ரை முகம் எனக்கு மறந்துகொண்டு வருது. ஒரு படம் இருந்தாப் பாருங்கோ" என்றார்.

பழம்படங்களுக்குக் குறைவில்லை. உலகின் பல திசைகளிலும் வாழும் பழைய மாணவர் தத்தம் வீட்டுப் படங்களையும் கடிதங்களையும் மலர்ப் பிரதிகளையும் நிழற்படியாக்கி அனுப்பியிருந்தனர். 14,000க்கு மேற்பட்ட கோப்புகள் ஒரே வன்தட்டில், கோப்புறைக்குள் கோப்புறையாய்க் கிடந்தன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்ததை அறிந்த நாம், கிடைத்த எதனையும் கழிக்க மனம் ஒவ்வாது எல்லாவற்றையும் சேர்த்தோம், ஒழுங்குபடுத்த மறந்தோம்.

ஒழுங்குபடுத்தும் பணி எம்மிடம் வந்தது. யாம் கணக்குத் தொழிலில் வாழ்ந்தவர். கணினி வல்லுநர் அல்லேம். எமக்குக் கைவந்தது விரிதாள் ஒன்றே. 1979இல் விசிகால்க் என்னும் பெயரோடு தோன்றிய அவ்வகைக் கருவி, கணக்குப்பிள்ளையின் பேரேட்டைத் திரைக்கு ஏற்றியது. எக்செல் விரிதாளில் 1993 முதல் விசுவல் பேசிக் மொழியில் மாக்ரோ எழுதலாம். அஃதாவது, நாம் கையாற் செய்யும் வேலையைக் கட்டளைகளாக எழுதி வைத்தால், கணினி தானே செய்துவிடும். அம்மாக்ரோக்களுக்குள் கோப்புத் தேடுதற்கென்றே ஓர் உறுப்பு முன்னர் இருந்தது. 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் அதனை நீக்கிவிட்டனர். நல்ல வேலைக்காரனை நிறுத்திவிட்டு மாற்றாள் வையாத முதலாளிகளை யாம் முன்னரும் கண்டதுண்டு.

மாற்றாளை யாமே தேடினோம். 1981இல் எம்எஸ்-டாஸ் தோன்றிய நாள் முதல் கட்டளை வரியில் 'டிர்' என்றொரு ஏவல் உண்டு. அதனோடு சாய்கோடிட்டு 'எஸ்' என்னும் எழுத்தைச் சேர்த்தால் உள்ளறைகள் அனைத்தையும் துருவும். 'பீ' சேர்த்தால் ஏனைய விவரங்களை விட்டு வழியையும் பெயரையும் மட்டும் தரும். பத்தாண்டுப் பழைமையான எம் கணினியிலும் ஓரிரு நிமிடத்தில் முழுப்பட்டியலும் எழுதப்பட்டுவிடும். விரிதாளிலிருந்து இவ்வேவலை விடுத்து, வந்த பட்டியலை விரிதாளிலேயே ஏற்றுவதென முடிவு செய்தோம். ஒரு பிற்பகல் வேலை என மதித்தோம்.

முதன்முறை, 'சொற்போர்' என்னும் சொல்லை விரிதாளின் கட்டத்தில் இட்டு, அச்சொல் உள்ள கோப்புகளைத் தருக என்று ஏவினோம். கிடைத்தது அநேகமாக வன்தட்டு முழுவதும்! காரணம் பின்னரே விளங்கிற்று. விசுவல் பேசிக்கின் 'ஷெல்' என்னும் ஏவல் பழைய எழுத்து முறையையே அறியும்; அம்முறையிலே தமிழுக்கு இடம் இல்லை. ஆதலின் தமிழெழுத்து ஒவ்வொன்றும் வினாக்குறியாய் மாறிப் போயிற்று. கட்டளை வரியிலோ வினாக்குறிக்கு 'எவ்வெழுத்தாயினும் ஆகுக' என்பது பொருள். யாம் தமையனாரைக் கேட்க, கணினி 'எவராயினும் வருக' என்று ஊரையே கூட்டிற்று.

இரண்டாம் முறை, தமிழ்ச் சொல்லைக் கட்டளைக்குக் கொடாது, எல்லாப் பெயர்களையும் பட்டியலாக எழுதுவித்து, அதன்பின் விரிதாளுக்குள்ளே தேடினோம். இம்முறை விடை பூச்சியம். இங்கே இரு பிழைகள் ஒருங்கு நிகழ்ந்தன. 'ஷெல்' ஏவலை விடுத்தவுடன் மாக்ரோ அடுத்த வரிக்குப் போய்விடும். ஏவல் முடியும்வரை காத்திராது. கடைக்குச் சிறுவனை அனுப்பிவிட்டு, அவன் படலை தாண்டுமுன்னே பையை விரித்துப் பார்ப்பது போல, எழுதி முடியாத பட்டியலை எம் மாக்ரோ படித்தது. படித்த சிறு பகுதியிலும் தமிழ்ப் பெயர்கள் வினாக்குறிகளாகவே இருந்தன.

இவற்றுக்கு மருந்து உண்டு. விண்டோசின் மற்றோர் உறுப்பாகிய 'டபிள்யூஸ்கிரிப்ட் ஷெல்' வழியாக ஏவினால், வேலை முடியும்வரை காத்திரு என்று பணிக்கலாம். கட்டளை வரியைத் தொடக்கும்பொழுதே சாய்கோடிட்டு 'யூ' சேர்த்தால், பட்டியல் யூனிகோட்டில் எழுதப்படும். அதனை யூனிகோட் என்றறிந்து படிக்கும் முறையிலே திறந்தால் தமிழ் தமிழாகவே வரும். இவ்வளவும் கற்க எமக்கு ஒரு திங்கள் சென்றது. அன்றிரவு விரிதாளின் முதல் நிரலில் தமிழ்ப் பெயர்கள் வரிசையாய் இறங்கக் கண்டு, பரீட்சையிற் சித்தியெய்திய மாணவனைப் போல் மகிழ்ந்தோம்.

மீண்டும் 'சொற்போர்' என்று தேடினோம். அகப்பட்டவை பிற்காலப் படங்கள் மட்டுமே. 1963ஆம் ஆண்டின் படம் இல்லை. இப்பொழுது கருவியிற் பழுதில்லை என்று நம்பினோம். அந்நம்பிக்கையோடு அம்மூதாட்டியை அழைத்து, "அக்கா, கல்லூரியில் அந்தப் படம் இல்லை" என்றோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின், "பரவாயில்லைத் தம்பி, நீங்கள் பாத்ததே போதும்" என்றார்.

நான்கு திங்கள் கழிந்தன. தொறன்ரோவில் வாழும் நண்பர் ஒருவர் வேறொரு காரியமாக எம்மை அழைத்தவர், தாம் அனுப்பிய 1963ஆம் ஆண்டுச் சொற்போர்க் கழகப் படம் மலரில் வருமா என்று வினவினார். எமக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் சொன்ன கோப்புறையைத் திறந்தோம். 'சொற்போர்க் கழகம்' என்ற பெயரோடு அஃது அங்கே இருந்தது. எம் கண்ணுக்குத் தெரிந்தது, மாக்ரோவுக்குத் தெரியவில்லை.

யாம் தட்டிய சொல்லையும் அவர் தட்டிய சொல்லையும் அருகருகே கட்டங்களில் இட்டு, எழுத்தெண்ணும் சூத்திரத்தைப் போட்டோம். எமது சொல்லுக்கு 8 என்றது, அவருடையதற்கு 10. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. யூனிகோட்டில் 'சொ' என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பும் காலும் என இரு குறிகளாகவும் எழுதலாம். 'போ' என்பதற்கும் அவ்வாறே. இரண்டும் ஒப்பானவை என்று விதி இருப்பினும், எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்க்கும் கருவி அவ்விதியை அறியாது. நண்பருடையது பழைய மாக் கணினி. அதன் கோப்பமைப்பு பெயர்களை இவ்வாறு பிரித்தே வைக்கும் வழக்கமுடையது. அச்சுக்கோப்பவர் கொம்பு வேறு கால் வேறாக எடுத்துக் கோத்த காலத்தைக் கண்ட எமக்கு, இது தோன்றாமற் போனதே வெட்கம்.

பிரிந்த குறிகளை முதலிற் சேர்த்துவிட்டுப் பின்னர் ஒப்பிடுமாறு மாக்ரோவைத் திருத்தினோம். 'அனலைதீவு' எனவும் 'அனலைத்தீவு' எனவும் இருவகையாக எழுதுவாரும் உளர் ஆதலின், இரண்டையும் தேடச் செய்தோம். பாமினி எழுத்துருவிற் பழகியோர் கோப்புக்கு இட்ட பெயர்கள் வேறொரு தொல்லை. பாமினியிற் தமிழ் என்று தோன்றுவதெல்லாம் உள்ளே ஆங்கில எழுத்தே. கோப்பின் பெயருக்கு எழுத்துரு மாற்ற வழியில்லை ஆதலால், 'அனலை' என்று எழுதியவர் விட்டுச் சென்றது 'எம், டீ, ஐ, வை' என்னும் நான்கு ஆங்கில எழுத்துகள். அவற்றையும் தேடினோம். நம் ஊர்க் கடிதங்கள் பதினொன்று அவ்வாறு வெளிப்பட்டன. இனி இத்தொல்லை வேண்டா என்று, 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தார் செய்வது போல, கோப்புக்கு எண்ணையே பெயராக இட்டுத் தமிழ்ப் பெயரை விரிதாளில் வைத்துள்ளோம்.

படத்தைப் பெரிதாக அச்சிட்டுக்கொண்டு, தொலைபேசியிற் கூறாமலே வள்ளம் ஏறினோம். இல்லை என்று ஒருமுறை சொன்ன வாயால், உண்டு என்பதைக் கையிற் கொடுத்தே சொல்ல வேண்டும் என்று தோன்றிற்று. அவர் திண்ணையில் இருந்து கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டார். படத்தின் அடியிலே பெயர்கள் அச்சாகியிருந்தன. அவற்றின்படி, நிற்பவருள் இடமிருந்து மூன்றாமவரைச் சுட்டி, "இவர்தானே, அக்கா?" என்றோம்.

அவர் நெடுநேரம் பார்த்தார். "இவர் எங்கடை அண்ணை இல்லைத் தம்பி. பக்கத்திலை கையைக் கட்டிக்கொண்டு நிக்கிறாரே, அவர்தான். அந்தச் சட்டை நான் தைச்சுக் குடுத்தது" என்றார். பின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, எமக்குத் தேநீர் கொடுக்குமாறு உள்ளே குரல் கொடுத்தார்.

நிற்பவரை எண்ணிப் பார்த்தோம், எழுவர். அடியில் அச்சான பெயர்களோ ஆறு. அறுபது ஆண்டுகளுக்கு முன்னர் எவரோ ஒரு பெயரை விட்டுவிட, மூன்றாமவர் முதலாகப் பெயர்கள் ஓர் இடம் பிசகியிருக்கின்றன. விரிதாளிற் பெயர்களைத் திருத்தினோம். அந்த மூன்றாமவர் யாரென்று அவ்வம்மையாரும் அறியார், தொறன்ரோ நண்பரும் அறியார். அக்கட்டம் வெறுமையாக உள்ளது. படம் இம்மலரிலேயே அச்சாகின்றது. மெலிந்த உருவம், இடக்கையிலே கைக்கடிகாரம். அறிந்தவர் எவரேனும் இருப்பின் மலர்க்குழுவினர்க்கு ஒரு வரி எழுதி உதவுக.