1988: ஒரே டிக்கெட்டில் ரெண்டு படம்

போன செமஸ்டரில் இடர் மேலாண்மை பேப்பருக்கு ஆளுக்கு ஒரு உதாரணம் எடுத்துக்கொண்டு பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள. வகுப்பில் பாதிப் பேர் நொடித்துப் போன விமானக் கம்பெனிகளைப் பிடித்துக்கொண்டார்கள். மீதிப் பேர் நொடித்துப் போன வங்கிகளை. என் முறை வந்ததும் எழுந்து, "1988ஆம் வருடம் வந்த அனிமேஷன் படங்கள்" என்றேன்.

ஒரு நொடி அமைதி. கடைசி பெஞ்சில் ஆரம்பித்த சிரிப்பு அப்படியே முதல் பெஞ்ச் வரைக்கும் வந்தது. "பி.காம் மூணாவது வருஷத்துல பொம்மைப் படமாடா?" என்று ஒருத்தன் சத்தமாகவே கேட்டான். பத்து நிமிடத்தில் பாதிக்கு மேல் சொல்ல முடியவில்லை. சொல்ல விட்டுப்போனதை இங்கே சொல்லிவிடுகிறேன். சிரித்தவர்களும் படிக்கலாம், கோபம் எல்லாம் இல்லை :)

முதலில் ஏன் 1988? அந்த ஒரு வருடத்துக்குள் என்னவெல்லாம் நடந்தது என்று பாருங்கள்.

ஜூன் மாதம் அமெரிக்காவில் 'ஹூ ஃப்ரேம்ட் ரோஜர் ராபிட்' வந்தது. நிஜ மனிதர்களும் கார்ட்டூன்களும் ஒரே அறையில் நின்று பேசுகிற படம். இயக்கம் ராபர்ட் ஜெமெக்கிஸ், அனிமேஷன் பொறுப்பு ரிச்சர்ட் வில்லியம்ஸ். டிஸ்னியின் மிக்கி மவுஸும் வார்னரின் பக்ஸ் பன்னியும் ஒரே காட்சியில் வருவார்கள். ரெண்டு பேருக்கும் திரையில் சரிசமமான நேரம் என்று பேசி முடித்த பிறகுதான் அந்தக் காட்சியே சாத்தியமானது. படத்தில் ஒரு இடத்தில் ஹீரோவின் தலை ஒரு தொங்கும் விளக்கில் இடித்துவிடும். விளக்கு ஆடும், அறை முழுக்க நிழலும் ஆடும். அந்த ஆட்டத்துக்கு ஏற்ப முயலின் மேல் விழும் வெளிச்சத்தையும் நிழலையும் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கையால் வரைந்திருக்கிறார்கள். விளக்கு ஆடாமல் இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். வேலையும் மிச்சம், செலவும் மிச்சம். ஆனாலும் ஆட்டிவிட்டார்கள்.

ஜூலை 16 அன்று ஜப்பானில் 'அகிரா'. கட்சுஹிரோ ஒட்டோமோ தன்னுடைய சித்திரக்கதையைத் தானே படமாக்கினார். படத்தின் ஆரம்பத்தில் டோக்கியோ நகரம் அழிகிற தேதி என்ன தெரியுமா? 1988 ஜூலை 16. ரிலீஸ் தேதியேதான்! கதை நடப்பது 2019இல். 2020இல் டோக்கியோவில் ஒலிம்பிக்ஸ் என்று வேறு படத்தில் வரும். பின்னால் 2013இல் நிஜமாகவே 2020 ஒலிம்பிக்ஸ் டோக்கியோவுக்குப் போனபோது (அது 2021க்குத் தள்ளிப்போனது வேறு கதை) இந்தப் படத்தைப் பலரும் நினைத்துக்கொண்டார்கள். ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட செல் ஓவியங்கள். ஒரு கம்பெனி தாங்குகிற செலவு இல்லை என்பதால் பதிப்பகம், பொம்மைக் கம்பெனி, விளம்பர நிறுவனம், விநியோகஸ்தர் என்று பலரும் சேர்ந்து 'அகிரா கமிட்டி' என்று ஒன்று வைத்துப் பணம் போட்டார்கள். இன்றைக்கு ஜப்பானில் பெரும்பாலான அனிமே இப்படித்தான் கூட்டாகப் பணம் போட்டு எடுக்கப்படுகிறது. லாபத்தில் மட்டுமல்ல, நஷ்டத்திலும் பங்கு. நம்ம பாடம்தான்.

அதே வருடம் 'டின் டாய்' என்று ஒரு குறும்படம். எடுத்தது பிக்சார். அப்போது அது படக் கம்பெனி இல்லை, கம்ப்யூட்டர் விற்கிற கம்பெனி. அதுவும் சரியாக விற்கவில்லை. ஸ்டீவ் ஜாப்ஸ் கையில் இருந்து பணம் போய்க்கொண்டே இருந்தது. செலவைக் குறைக்க ஆட்களை வீட்டுக்கு அனுப்பிய அதே நேரத்தில்தான் இந்தக் குறும்படத்துக்கும் பணம் கொடுத்தார். முழுக்கக் கம்ப்யூட்டரில் செய்த படங்களில் ஆஸ்கார் வாங்கிய முதல் படம் இதுதான். இதில் வரும் தகரப் பொம்மையிலிருந்து பிறந்ததுதான் 'டாய் ஸ்டோரி'. அது வெளிவந்தது 1995 நவம்பர் 22. சரியாக ஒரு வாரத்தில், நவம்பர் 29 அன்று பிக்சார் பங்குகள் சந்தைக்கு வந்தன. டைமிங்!

நவம்பர் 18 அன்று டிஸ்னியின் 'ஆலிவர் அண்ட் கம்பெனி'யும், டிஸ்னியை விட்டு 1979இல் வெளியேறிய டான் ப்ளூத் இயக்கிய 'தி லேண்ட் பிஃபோர் டைம்' படமும் ஒரே நாளில் மோதின. நம்ம ஊர் தீபாவளி ரிலீஸ் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் டைனோசர் ஜெயித்தது. கடைசிக் கணக்கில் அமெரிக்காவில் பூனைக்குட்டி முந்தியது.

செக்கோஸ்லோவாக்கியாவில் யான் ஷ்வாங்க்மாயர் என்பவர் எலும்பு, பழைய துணி, பாடம் செய்த முயல் எல்லாவற்றையும் வைத்து 'ஆலிஸ்' எடுத்ததும் இதே 1988இல்தான். ராத்திரி தனியாகப் பார்க்காதீர்கள். சொன்னேன் அவ்வளவுதான்.

இவ்வளவும் இருந்தும் நான் வகுப்பில் பேச எடுத்துக்கொண்ட உதாரணம் இவை எதுவும் இல்லை. அந்த வருடம் ஏப்ரல் 16 அன்று ஜப்பானில் ஒரே டிக்கெட்டில் காட்டப்பட்ட ரெண்டு படங்கள்.

ஸ்டுடியோ ஜிப்லி ஆரம்பித்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. ஹயாவோ மியாசாகி 'மை நெய்பர் டொடோரோ' என்று ஒரு கதை வைத்திருந்தார். 1950களில் ஒரு கிராமம், அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கும் ரெண்டு சிறுமிகள், காட்டில் ஒரு பெரிய உருண்டையான ஜந்து. வில்லன் இல்லை, சண்டை இல்லை. பணம் போட வேண்டிய தொகுமா நிறுவனத்தில் யோசித்தார்கள். யார் பார்ப்பார்கள் இதை? நியாயமான கேள்விதான். அப்போது தோஷியோ சுசுகி ஒரு வழி கண்டுபிடித்தார். இன்னொரு படத்தையும் சேர்த்து ஒரே டிக்கெட்டில் காட்டுவது. அந்த இன்னொரு படம், இசாவோ தகஹாட்டா எடுத்த 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்'. மின்மினிகளின் கல்லறை. கதையைப் புத்தகமாகப் போட்டிருந்த பதிப்பகம் அந்தப் படத்துக்குப் பணம் போட்டது. ஒன்றின் தோளில் இன்னொன்று ஏறி இரண்டும் எழுந்து நின்றன.

இதில் என்ன இடர் என்றால், மின்மினி படம் 1945இல் கோபே நகரத்தில் குண்டு விழுந்த பிறகு ஒரு அண்ணனும் தங்கையும் பட்டினியில் சாகும் கதை. ரகசியத்தை உடைக்கவில்லை, முதல் காட்சியிலேயே அண்ணன் செத்துவிடுகிறான். குழந்தையைக் கூட்டிக்கொண்டு டொடோரோ பார்க்க வந்த குடும்பம் அடுத்து இதைப் பார்க்க வேண்டும். போதாததற்கு ரெண்டு படமும் ஒரே நேரத்தில் தயாரானதால் நல்ல அனிமேட்டர்களுக்கு இழுபறி. யோஷிஃபூமி கோண்டோ எனக்குத்தான் வேண்டும் என்று ரெண்டு இயக்குநர்களும் நின்றார்கள், தகஹாட்டா பக்கம் போனார் அவர். அப்படியும் வேலை முடியவில்லை. ரிலீஸ் அன்று மின்மினி படத்தின் சில காட்சிகள் வண்ணம் பூசாமல் வெறும் கோடுகளாகவே திரையில் ஓடின.

வசூல்? சுமார்தான். ஆனால் அந்த வருடத்தின் சிறந்த ஜப்பானியப் படமாக கினெமா ஜும்போ பத்திரிகை டொடோரோவைத் தேர்ந்தெடுத்தது. அனிமேஷனில் மட்டுமல்ல, எல்லாப் படங்களிலும். பிறகு டிவியில் போட்டார்கள், ஊரே பார்த்தது. ரெண்டு வருடம் கழித்து டொடோரோ பொம்மைகள் விற்க ஆரம்பித்து, ஸ்டுடியோவின் கணக்கில் நிரந்தர வரவாகிவிட்டது. இன்றைக்கும் ஜிப்லியின் சின்னம் அந்த ஜந்துதான். முதல் வருட லாப நஷ்டக் கணக்கை மட்டும் பார்த்து முடிவு செய்திருந்தால் இது தோல்விப் படம். இதைத்தான் வகுப்பில் சொன்னேன். அதற்குள் மணி அடித்துவிட்டது.

வகுப்பில் சொல்லாத பகுதி இனிமேல்தான்.

இந்தப் பேச்சுக்காக ரெண்டு படத்தையும் ரெண்டு தடவை பார்த்தேன். முதல் தடவை ஹாஸ்டலில், நான்கு பேர் ஒரு லேப்டாப் முன்னால். முதலில் டொடோரோ, அப்புறம் மின்மினி. டொடோரோ முடியும் வரை ஒரே கலாட்டா, பூனை பஸ்ஸைப் பார்த்து விசில் வேறு. மின்மினி முடிந்தபோது யாரும் பேசவில்லை. மெஸ் மணி அடித்தது. போனோம். சாம்பார் சாதத்தைப் பற்றி தினமும் குறை சொல்கிறவன் அன்று ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டான்.

ரெண்டாவது தடவை லீவில் வீட்டில். ஆறாவது படிக்கும் தங்கச்சியோடு. இந்த முறை வரிசையை மாற்றி, முதலில் மின்மினி. குழந்தைக்கு இதைக் காட்டலாமா என்று யோசித்தேன், அவள்தான் விடவில்லை. ஆச்சியும் கட்டிலில் இருந்தபடி பார்த்தாள். மொழி புரியாவிட்டாலும் நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டாள். அந்தப் பிள்ளைகளுக்குக் கஞ்சித் தண்ணியை மட்டும் ஊற்றும் சித்தியைப் பார்த்து நான் திட்டினேன். ஆச்சி சொன்னாள்: "ஏல, அவளை மட்டும் ஏசாத. இல்லாத காலத்துல ஒரு வீட்டுக்கு ரெண்டு வாயி கூடுனா என்ன கஷ்டம்னு ஒனக்குத் தெரியாது." தகஹாட்டாவும் இது வெறும் போர் எதிர்ப்புப் படம் இல்லை என்றுதான் கடைசி வரை சொன்னார். ஒன்பது வயதில் ஒகயாமா குண்டுவீச்சில் தப்பிப் பிழைத்தவர் அவர். ஊரை விட்டு விலகி, தங்கையும் தானுமாக மட்டும் வாழ்ந்துவிடலாம் என்று அந்த அண்ணன் எடுத்த முடிவையும் பார்க்கச் சொன்னார். ஆச்சிக்கு அது சொல்லாமலே புரிந்திருக்கிறது.

ஒரு மணி நேரம் கழித்து டொடோரோ போட்டேன். சிரித்துக்கொண்டேதான் பார்த்தாள். கடைசியில் சின்னவள் மேய் காணாமல் போவாள். ஆஸ்பத்திரியில் இருக்கும் அம்மாவுக்குக் கொடுக்க ஒரு சோளக்கதிரைத் தூக்கிக்கொண்டு தனியாகக் கிளம்பியிருப்பாள். ஊரே தேடும். குளத்தில் ஒரு சின்னச் செருப்பு கிடைக்கும். அந்த இடத்தில் தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, இவளும் செத்துப் போயிருவாளா?"

எனக்கு முடிவு தெரியும். ஆனாலும் அந்த நொடி எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஹாஸ்டலில் இதே காட்சி வந்தபோது ஒருத்தன் சிப்ஸ் பாக்கெட் பிரித்துக்கொண்டிருந்தான். படம் அதேதான். முன்னால் எதைப் பார்த்தோம் என்பதுதான் வேறு. மேய்க்கு நாலு வயது, மின்மினி படத்தில் சாகும் செட்சுகோவுக்கும் நாலு வயது. ஒரே டிக்கெட்டில் ரெண்டையும் வைத்தது வெறும் வியாபார ஏற்பாடுதான். ஆனால் அந்த ஏற்பாட்டால் ரெண்டு படமும் ஒன்றையொன்று மாற்றிவிட்டன.

மின்மினி கதையை 1967இல் எழுதிய அகியுகி நொசாகா, போர்க்காலத்தில் தன் வீட்டுக் கைக்குழந்தைத் தங்கையைப் பட்டினியில் பறிகொடுத்தவர். கதையில் வரும் அண்ணன் மாதிரி நான் நல்லவனாக இருக்கவில்லை, தங்கைக்கு உரிய சாப்பாட்டையும் நானே சாப்பிட்டேன் என்று அவரே பின்னால் ஒப்புக்கொண்டார். செய்யாமல் போனதைக் கதையில் செய்தார். இதைப் படித்ததும் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. 2020 ஊரடங்கில் அப்பாவின் டீக்கடை மூடிக் கிடந்த மாதங்களில், வீட்டில் எங்கள் ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு முட்டைதான். ஒரு நாள் அவள் பாதியையும் நான் தின்றுவிட்டு, அவள் அப்பவே சாப்பிட்டாச்சு என்று அம்மாவிடம் சொன்னேன். யாரும் சாகவில்லை. பட்டினியும் இல்லை, சோறு இருந்தது. ஆனாலும் பொய் பொய்தானே.

1988இல் இன்னொரு விஷயமும் நடந்தது. அக்டோபர் 3 அன்று ஜப்பான் டிவியில் 'அன்பான்மேன்' தொடங்கியது. தலையே ஒரு பன். யாராவது பசியோடு இருந்தால் தன் முகத்தைப் பிய்த்துத் தின்னக் கொடுக்கிற ஹீரோ. உருவாக்கிய தகாஷி யானாசே அப்போது 69 வயதுக்காரர். சீனாவில் ராணுவ வீரராக இருந்தபோது அனுபவித்த பசியை அவர் மறக்கவே இல்லை. எந்தக் கட்சியின் நியாயமும் போர் முடிந்ததும் தலைகீழாகிவிடுகிறது, பசித்தவனுக்குச் சோறு போடுவது மட்டும் மாறாத நியாயம் என்று நினைத்தார். 2013இல், 94 வயதில் இறந்தார். தொடர் இன்னும் ஓடுகிறது.

தங்கச்சிக்கு அதையும் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இவன் அந்த செட்சுகோ பாப்பா வீட்டுக்குப் போயிருக்கலாம்ல" என்றாள்.

அன்றைக்குத்தான் முட்டை விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு ஞாபகமே இல்லை. ஆனால் ஞாபகம் இல்லாத கடனையும் வசூலிக்கத் தெரிந்திருக்கிறது. பாதி முட்டைக்கு, இத்தனை வருட வட்டியோடு, ரெண்டு முட்டை பப்ஸ். வாங்கிக் கொடுத்தேன். ஆச்சிக்கும் ஒன்று.

நீங்கள் இந்த ரெண்டு படத்தையும் பார்ப்பதாக இருந்தால் ஒரே நாளில் பாருங்கள். எந்த வரிசை என்பது உங்கள் இஷ்டம். நான் கேட்டால் மின்மினியை முதலில் பார்க்கச் சொல்வேன். கடைசியில் அந்தச் சோளக்கதிர் போய்ச் சேருகிறது என்பது தெரிந்து தூங்கப் போகலாம்.

பி.கு: அந்தப் பேப்பரில் எனக்குப் பத்துக்கு ஆறு மதிப்பெண். விமானக் கம்பெனிக்காரர்களுக்கு எல்லாம் எட்டு :)