பேத்தையும் பேதைமையும்

மீன்களுள் பேத்தை தனித்தன்மை வாய்ந்தது. அச்சம் தோன்றியவுடன் நீரை விழுங்கிப் பந்துபோல் உப்பிக்கொள்வது அதன் இயல்பு. வலிய நான்கு பற்கள் அமைந்தமையால், 'நாற்பல்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லையே அறிவியலார் அதன் குடும்பத்திற்குப் பெயராகச் சூட்டினர். அக்குடும்பத்து மீன்கள் பலவற்றின் உடலில் கொடிய நஞ்சும் உண்டு. கடலில் வாழ்வன மிகுதி எனினும், ஆற்று நன்னீரிலேயே பிறந்து வாழ்வனவும் உள. அவற்றுள் ஒன்றை எம் இல்லத்துக் கண்ணாடித் தொட்டியில் சில ஆண்டுகளாக வளர்த்து வருகிறோம். அதனால் அறிந்தவற்றை மாணவச் செல்வங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

வளர்ப்பினும் தேர்வே முதன்மையானது. நன்னீர்ப் பேத்தை என விற்கப்படுவன யாவும் நன்னீருக்கு உரியன அல்ல. பச்சை முதுகில் கரும்புள்ளிகள் கொண்ட பேத்தை காண்போர் உள்ளத்தைக் கவரும். ஆனால் அது கழிமுகத்து மீன். இளமையில் நன்னீரைப் பொறுத்துக்கொள்ளும். வளர்ந்தபின் உப்புக் கலந்த நீரின்றி நலிந்துபோகும். காங்கோ ஆற்றிலும் தங்கனீக்கா ஏரியிலும் வாழும் 'ம்பூ' என்னும் பேத்தை மெய்யான நன்னீர் மீனே; அதுவோ இரண்டு அடிக்கும் மேல் வளர்வது. விரலளவில் வாங்கிய குஞ்சுக்குப் பின்னாளில் ஒரு குளமே வேண்டியிருக்கும். ஆதலின் மீனின் விலையைக் கேட்குமுன் அதன் பிறப்பிடத்தையும் முழு வளர்ச்சியையும் கேட்டறிதல் வேண்டும்.

யாம் தேர்ந்தது குள்ளப் பேத்தை. வளர்ந்த மீனும் ஏறத்தாழ 3 செ.மீ. அளவே. மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து மேற்கு நோக்கிப் பாயும் கேரள ஆறுகள் இதன் தாயகம். ஹோரா, நாயர் என்னும் அறிஞர் இருவர் 1941-இல் இதனை அறிவியல் உலகுக்கு அறிவித்தனர். திருவிதாங்கூரின் பெயர் இதன் அறிவியற் பெயரில் இன்றும் நிலைத்திருக்கிறது.

60 லிட்டர் தொட்டியில் ஓர் ஆணையும் மூன்று பெண்களையும் வைத்துள்ளோம். ஆண் தன் எல்லையைக் கடுமையாகக் காக்கும். பிற மீன்களின் துடுப்புகளையும் கடித்துக் குதறும். எனவே வேற்று மீன்களைச் சேர்த்திலோம். நீர்ச்செடிகளை அடர்த்தியாக நட்டோம். கழிவிலிருந்து எழும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதன் பின்னரே மீனை விடுதல் வேண்டும். குளோரின் நீக்கிய நீரால் வாரந்தோறும் மூன்றில் ஒரு பங்கை மாற்றுகிறோம். வெப்பம் 24 முதல் 28 பாகை செல்சியஸ் வரை இருத்தல் நன்று.

உலர்ந்த குருணைத் தீவனத்தை இது பெரும்பாலும் ஏறெடுத்தும் பாராது. நத்தையும் கொசுப்புழுவுமே இதற்கு விருந்து. சிறு நத்தையைக் கண்டதும், கண்களைத் தனித்தனியே சுழற்றி நோக்கி, அசையாது நின்று, அது தலைநீட்டும் நொடியில் பாய்ந்து கவ்வும் காட்சி வியப்பூட்டுவது. உணவிடுவோரை அறிந்து கண்ணாடியருகே வந்து நிற்பதும் உண்டு.

உப்புவதைக் காண விரும்பி இதனைச் சீண்டுவோர் உளர். உப்புதல் விளையாட்டன்று, உயிரச்சத்தின் வெளிப்பாடு. நீருக்கு வெளியே காற்றை விழுங்கிவிட்டால், அதனை வெளியேற்ற இயலாமல் இறக்கவும் கூடும். ஆகவே இடம் மாற்றும்போது வலையைத் தவிர்த்து, நீரோடு கிண்ணத்தில் முகந்தெடுக்கிறோம்.

இச்சிறு மீன், அழிவை எதிர்நோக்கும் உயிர்களின் உலகப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. வாழிடங்கள் சீர்கெடுவதோடு, வண்ணமீன் வணிகத்திற்காக ஆறுகளில் பிடிக்கப்படுவதும் அதற்குக் காரணம். அவ்வாறாயின் வளர்ப்பது தகுமோ என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் எம்மை வினவினார். நியாயமான வினா அது. தொட்டியிலேயே பாசியிடை முட்டையிட்டுப் பெருகும் இயல்பு இம்மீனுக்கு உண்டு. ஆதலால் ஆற்றில் பிடித்தவற்றை விலக்கி, வளர்ப்பார் ஒருவரின் தொட்டியில் பிறந்த குஞ்சுகளையே பெற்றோம். அவற்றிற்காகச் சில மாதங்கள் காத்திருந்தோம். விலையும் கூடுதலாகவே கொடுத்தோம். அவை கிடைத்திராவிடின் தொட்டி வெறுமையாக இருப்பதே மேல் என்பது எம் துணிபு.

மாணவச் செல்வங்களே! பேத்தையை வளர்க்க விரும்புவது குற்றமன்று. எங்கே பிறந்தது, எவ்வளவு வளரும், எதை உண்ணும் என்று வினவாமல் வாங்குவதே பேதைமை. ஆற்றின் உயிரை அழியாமற் காத்துத் தொட்டியின் அழகைத் துய்க்கக் கற்போமாக!