சத்தத்தை ரேடியோ பார்த்துக்கொள்ளும்

சாலிகிராமத்தில் ஒரு மாடி வீட்டின் பின்னறை. சுவர்களில் துணி போர்த்திய தடுப்புப் பலகைகள். மேசையில் பெரிய ஸ்பீக்கர்கள் இரண்டு, அவற்றுக்கு நடுவே ஒரு சின்ன டிரான்சிஸ்டர். மாஸ்டரிங், அதாவது பாட்டை வெளியிடுவதற்கு முன் கடைசியாகச் சரிபார்த்து மெருகேற்றும் வேலை, செய்பவர் அந்த டிரான்சிஸ்டரைத்தான் முதலில் துடைத்து வைத்தார்.

தாம்பரத்திலிருந்து வந்திருந்த இளம்பாடகி பென் டிரைவை நீட்டினார். தானே எழுதி, மெட்டுப் போட்டு, தன் படுக்கையறையில் பதிவு செய்த பாட்டு. கிட்டார், கடம், ஜால்ரா, குரல். அவ்வளவுதான். ஒரு சமுதாய வானொலி அதை ஒலிபரப்பச் சம்மதித்திருக்கிறது. வீட்டில் பதிந்த பாட்டு காற்றில் ஏறுவதற்குள் என்னென்ன ஆகிறது என்று பார்க்க நானும் கூடவே உட்கார்ந்துகொண்டேன்.

கோப்பைத் திறந்ததும் திரையில் அலைகளே தெரியவில்லை. மேலும் கீழும் சீவிவிட்டதுபோல ஒரே பட்டை.

"ரேடியோல சினிமாப் பாட்டுக்கு நடுவுல வரும்ல அண்ணா, சத்தம் கம்மியாத் தெரியக்கூடாதுன்னு லிமிட்டர நல்லா ஏத்திட்டேன்."

லிமிட்டர் என்பது ஒலியின் முனைகளை ஒரு வரம்புக்குள் அமுக்கும் கருவி. சத்தத்தின் அளவை மீட்டர் மைனஸ் 7 எல்யூஎஃப்எஸ் என்று காட்டியது. பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் கூடுதல் என்று பொருள். ஸ்பாட்டிஃபை பாடல்களை மைனஸ் 14-க்குக் கொண்டுவந்து ஒலிக்கவிடுகிறது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010-இல் வகுத்த ஆர்128 பரிந்துரையோ மைனஸ் 23 என்கிறது.

"சத்தத்த ரேடியோ பாத்துக்கும்மா. அது உன் வேலையே இல்ல" என்றார் மாஸ்டரிங் செய்பவர்.

எஃப்எம் நிலையங்களில் பாட்டு நேராக டிரான்ஸ்மிட்டருக்குப் போவதில்லை. இடையில் பிராசசர் ஒன்று இருக்கும். மெதுவாக ஒலிப்பதைத் தூக்கும், உரக்க ஒலிப்பதை அமுக்கும், மிஞ்சும் முனைகளை வெட்டும். அமெரிக்கரான ராபர்ட் ஆர்பன் 1975-இல் கொண்டுவந்த ஆப்டிமாட்தான் இந்த வகையில் பேர்போனது. சின்ன நிலையங்களில் விலையுயர்ந்த பெட்டி இல்லாவிட்டாலும், கணினியில் ஒரு மென்பொருளோ டிரான்ஸ்மிட்டரோடு ஒரு லிமிட்டரோ இந்த வேலையைச் செய்யும்.

அவர் கணினியில் ஸ்டீரியோ டூல் என்ற மென்பொருள் இருந்தது. வானொலி நிலையத்துக்குள் நடப்பதை அறையிலேயே நடத்திக்காட்டும். அமுக்கப்பட்ட பாட்டை அதன் வழியாக விட்டார். பிறகு லிமிட்டர் போடாத மிக்ஸை. மெதுவாக இருந்த இரண்டாவது பாட்டு, முதலாவதன் சத்தத்துக்குத் தானாகவே வந்து நின்றது. ஆனால் அதில் கடத்தின் ஒவ்வொரு தட்டும் தனித்தனியாகக் கேட்டது, குரல் முன்னால் நின்றது. முதலாவதில் கடம் வெறும் டொக்கு டொக்கு. குரலில் ஒரு கரகரப்பு. ஏற்கெனவே தட்டையாக்கிய முனைகளைப் பிராசசர் முதலில் சாய்த்து, பிறகு மறுபடியும் வெட்டுகிறது. அதனால் சிதைவுதான் ஏறுகிறதே தவிர சத்தம் ஏறவில்லை. போட்டி நிறுவனங்களைச் சேர்ந்த ஆர்பனும் ஆம்னியாவின் ஃபிராங்க் ஃபோட்டியும் இதை ஒரு கட்டுரையில் சேர்ந்தே எழுதியிருக்கிறார்கள். அப்படியும் வீட்டு ஸ்டூடியோக்கள் பலவற்றுக்கு இந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

அடுத்தது ஜால்ரா. எஃப்எம்மில் உச்ச ஒலிகளில் இரைச்சல் அதிகம் என்பதால், அனுப்பும்போது அவற்றை ஏற்றி அனுப்பி, வானொலிப் பெட்டியில் அதே அளவு இறக்கிக்கொள்கிறார்கள். இந்தியாவில் இந்த ஏற்றம் சுமார் 3,180 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. 15 கிலோஹெர்ட்ஸுக்குப் போவதற்குள் 13 டெசிபலைத் தாண்டிவிடும். எஃப்எம்மில் பாட்டின் எல்லையே அந்த 15 கிலோஹெர்ட்ஸ்தான். ஜால்ராவின் உயிரோ இந்த மேல்பகுதியில்தான் இருக்கிறது. ஏற்றிய பிறகு அது வரம்பை மீற, பிராசசர் சட்டென்று மேல்பகுதி முழுவதையும் அமுக்குகிறது. ஜால்ரா விழும்போதெல்லாம் குரலின் தெளிவும் கூடவே அமுங்குவதை எங்களால் கேட்க முடிந்தது. 'ஸ', 'ஷ' வரும் இடங்களிலும் இதே கதை. "இத மாஸ்டரிங்ல சரி பண்ணக்கூடாது. மிக்ஸ்லயே ஜால்ராவக் கொஞ்சம் இறக்கு, குரலுக்கு மட்டும் டீஎஸ்ஸர் போடு" என்றார். 'ஸ', 'ஷ' ஒலிகளின் கூர்மையைத் தணிக்கும் கருவிதான் டீஎஸ்ஸர்.

எனக்கு மிகவும் உறைத்தது இதற்குப் பிறகு நடந்ததுதான். பாட்டின் தொடக்கத்தில் கிட்டார் மட்டும் மெல்ல வருகிறது. சாதாரணமாகக் கேட்கையில் சுத்தமாக இருந்தது. பிராசசர் வழியாகக் கேட்டபோது, கிட்டாருக்குப் பின்னால் கிர்ர்ர் என்று ஒரு சுழற்சி. பாடகிதான் முதலில் கண்டுபிடித்தார்: "அய்யோ, எங்க வீட்டு ஃபேனு!" மெதுவான இடம் வந்ததும் பிராசசர் கிட்டாரைத் தூக்குகிறது, கூடவே மின்விசிறியையும் தூக்குகிறது. பாட்டு முடிந்து கிட்டார் மெல்ல அடங்கும் இடத்தில் விசிறி இன்னும் பலமாக எழுந்து வந்தது. அதற்கும் பின்னால் தெருநாய் ஒன்று. ஸ்பாட்டிஃபை போன்ற செயலியில் வெளியிடும் பாட்டில் மறைந்துபோகிற வீட்டுச் சத்தமெல்லாம் ரேடியோவில் வெளியே வந்துவிடும். மென்பொருளால் இரைச்சலைக் கழிக்கப் பார்த்தார். விசிறி போயிற்று, கிட்டார் நரம்பின் கணீரும் கூடவே போயிற்று. அந்தப் பகுதியை மட்டும் விசிறியை அணைத்துவிட்டு மறுபடி பதிந்து வரச்சொன்னார். வியர்த்தாலும் பரவாயில்லை என்று பாடகி உடனே தலையாட்டினார்.

கடைசியாக மோனோ பட்டனை அழுத்தினார். கிட்டார் ஏறக்குறையக் காணாமலே போய்விட்டது! அறை நிறையக் கேட்கவேண்டும் என்று கிட்டாரை அகலப்படுத்தும் ப்ளகின் ஒன்றைப் பாடகி போட்டிருக்கிறார். அது இடப்பக்கத்துக்கு நேரெதிராக வலப்பக்கத்தைத் திருப்பி வைக்கிறது. இரண்டையும் கூட்டினால் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. எஃப்எம்மில் அடிப்படையாகப் போவது இடமும் வலமும் சேர்ந்த கூட்டொலிதான். அவற்றின் வேறுபாடு 38 கிலோஹெர்ட்ஸில் தனியாக ஏறிப் போகிறது. சிக்னல் பலவீனமானால் பெட்டி அந்த இரண்டாவதைக் கைவிட்டு மோனோவுக்கு வந்துவிடும். சமுதாய வானொலிக்குப் பொதுவாக அனுமதிக்கப்படும் கதிர்வீச்சுத் திறன் 100 வாட்தான். ஒலிபரப்பு எட்டும் எல்லையின் ஓரத்துக் கிராமத்தில் கேட்பவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் மோனோவாகவே இருக்கும். ப்ளகினைக் கழற்றிவிட்டு, அந்த டிரான்சிஸ்டரின் ஒற்றை ஸ்பீக்கரில் ஓடவிட்டார். கிட்டார் திரும்பி வந்தது.

அவர் தன் பங்குக்குச் செய்தது மிகக் குறைவு. 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்த உறுமலை வெட்டினார், நடுப்பகுதியில் ஒரு டெசிபல் குறைத்தார், முனைகள் மைனஸ் ஒரு டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டார். சத்தம் மைனஸ் 14 பக்கத்தில் நின்றது. மாஸ்டரிங் என்றால் கடைசியில் ஏதோ மந்திரம் போடுவது என்று நினைக்கிறவர்கள் இந்த அறையில் ஒரு மணி நேரம் உட்காரவேண்டும்.

நிலையத்துக்கு எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பாகவே கொடு என்றார். சுருக்கிய கோப்பை ஒலிபரப்பின் வழியில் இன்னொரு கருவி மறுபடி சுருக்கினால் உச்ச ஒலிகள் நீர்த்துப்போகும். கோப்பின் பெயர் 'ஃபைனல் நியூ 3' என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, பாட்டின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் எல்லாவற்றையும் தமிழிலும் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கச் சொன்னார். கடைசி மூன்றும் ஒரே பெயர்தானே அண்ணா என்றார் பாடகி. "இருக்கட்டும், மூணு தடவையும் எழுது. அறிவிப்பாளர் கையில என்ன இருக்கோ அதத்தான் படிப்பாரு."