பால் கலந்த எண்ணெய்

ரசாயன ஆலைகளுக்கு நடுவே, மும்பையை அடுத்த டோம்பிவிலியின் எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டையில் லேத் பட்டறைகள் நெருக்கமாக இருக்கின்றன. கடல் கண்ணுக்கெட்டாத அந்த இடத்தில், ஒரு பட்டறை வாசலில் சரக்குப் பார்ஜ் ஒன்றின் விண்ட்லாஸ் டெம்போவிலிருந்து இறங்கியது. நங்கூரச் சங்கிலியை இழுத்து ஏற்றும் இயந்திரம் அது. மோட்டார் ஓடுகிறது, சங்கிலி அசையவில்லை என்பதுதான் புகார்.

மிஸ்திரி தூத்துக்குடிக்காரர். தோணிகளுக்கு வேலை செய்த பட்டறையில் தொழில் பழகி, இளவயதிலேயே இங்கே வந்துவிட்டவர். “தள்ளி நில்லுங்க சார், சட்டையில தெறிக்கும்” என்று சொல்லிக்கொண்டே கியர்பாக்ஸின் அடிப்போல்ட்டைக் கழற்றினார். பால் கலந்த டீயின் நிறத்தில் எண்ணெய் வழிந்தது. இரு விரலால் தேய்த்துப் பார்த்தார். “கடல் தண்ணி குடிச்சிருக்கு.”

உள்ளே திருகு வடிவ எஃகு வார்மும் அதோடு கோக்கும் பாஸ்பர் வெண்கலப் பல்சக்கரமும். மோட்டார் நிமிஷத்துக்கு 1,440 சுற்று ஓடினால், ஒற்றை இழை வார்ம் 40 பல் சக்கரத்தை 36 சுற்றுதான் சுற்றவிடும். வேகம் குறையக் குறைய இழுக்கும் பலம் ஏறும். சக்கரத்தை வேண்டுமென்றே மென்மையான உலோகத்தில் செய்கிறார்கள். தேய்மானம் அதோடு போகட்டும், வார்ம் பிழைக்கட்டும் என்று. இதில் பற்கள் கத்தி முனையாக மெலிந்து, சில இடங்களில் மழுங்கியே போயிருந்தன.

பார்ஜ் முதலாளியின் ஆள் அவசரப்பட்டார். ரே ரோடு பக்கத்து தாருகானாவில், உடைத்த கப்பல்களின் சாமான்கள் மலையாகக் கிடக்கும். பழைய சக்கரம் ஒன்று வாங்கி மாட்டிவிடலாமே என்றார். மிஸ்திரி ஒத்துக்கொள்ளவில்லை. வேறொரு வார்மோடு தேய்ந்து பழகிய சக்கரம் இந்த வார்மோடு சேராது. சில மாதத்தில் மறுபடி இதே கதைதான்.

உடனே அவர் சக்கரத்தில் கை வைக்கவில்லை. ஷாப்ட்டை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆயில் சீலின் உதடு உராயும் இடத்தில் நகம் மாட்டுமளவு ஒரு பள்ளம். தண்ணீர் புகுந்த வழி அதுதான். புது சீல் போட்டாலும் அந்தப் பள்ளத்தின் வழியே கசியும். ஷாப்ட்டைக் கடைந்து, மெல்லிய எஃகு ஸ்லீவ் ஏற்றி, அதன் மேல்தான் சீல் உட்கார வேண்டும். இன்னொன்றும் கண்டுபிடித்தார். சக்கரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த நான்கைந்து பற்களில் மட்டும் அடிபட்ட தழும்பு. சக்கரம் சுற்றாமல் நின்றபடியே அடி வாங்கியிருக்கிறது என்றார்: செயின் ஸ்டாப்பரைப் போடாமல், அலையில் ஆடும் பார்ஜின் முழுப் பாரத்தையும் கியரின் மேலேயே விட்டிருக்கிறார்கள். சங்கிலியை ஏற்றி இறக்குவதுதான் விண்ட்லாஸின் வேலை. படகைப் பிடித்து நிறுத்துவது ஸ்டாப்பர்.

புதுச் சக்கரத்தை வார்த்ததும் பல் வெட்டியதும் வேறு வேறு இடங்களில். அடுத்த முறை நான் போனபோது அவர் நீல மை தடவிச் சோதித்துக்கொண்டிருந்தார். வார்மில் மை பூசிக் கையால் சுற்றினால், சக்கரப் பல்லில் எங்கே தொடுகிறது என்று தெரியும். தொடும் இடம் பல்லின் நடுவிலிருந்து வார்ம் விலகிப் போகும் பக்கமாகச் சற்றே ஒதுங்க வேண்டும். அப்போதுதான் நுழையும் பக்கத்தில் எண்ணெய் புக இடம் இருக்கும். தாள் போன்ற ஷிம் ஒன்றை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். அரை நாள் போனது.

பில்லில் வார்ப்பு, பல் வெட்டு, பேரிங், சீல் எல்லாவற்றுக்கும் தனித்தனி வரி இருந்தது. அந்தப் பள்ளத்தைக் கண்டுபிடித்ததற்கு ஒன்றும் இல்லை. அந்த இயந்திரத்தைக் காப்பாற்றியதே அந்தக் கண்டுபிடிப்புதான். உதிரிப் பாகத்துக்குத் தயங்காமல் பணம் கொடுப்பவர்கள், காரணம் சொன்னவனுக்குக் கொடுக்க மனம் வராமல் பேரம் பேசுவதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். அப்போது இழுவைப் படகுகளின் விஞ்ச்சுகளும் இங்கே வந்து குவியும் என்றார். பார்ஜ் விண்ட்லாஸைச் சங்கிலி போட்டுச் சுற்றவிட்டு, எண்ணெயை வடித்து நிறம் பார்த்துப் புதிது ஊற்றினார். பிறகு டெம்போ டிரைவரிடம், “ஸ்டாப்பரைப் போட்டுட்டுத்தான் தூங்கணும்னு பார்ஜ் செராங்குகிட்ட சொல்லிரு தம்பி” என்று இந்தியில் ஒரு முறையும் தமிழில் ஒரு முறையும் சொன்னார்.