அன்னாசியும் அரும்புப் பற்களும்

அன்னாசிப்பழம் சாப்பிட்டால் பெரியவர்களுக்கே நாக்கு அரிக்கும். அதனால் குழந்தைக்குக் கொடுக்கலாமா, கூடாதா என்று இளம் தாய்மார்கள் தயங்குவது நியாயம்தான். என் மகள் எட்டு மாதக் குழந்தையுடன் வந்திருந்தபோது எங்கள் வீட்டிலும் இதே வழக்கு. "சூடு பண்ணும், வாய் வெந்து போயிடும்" என்றார் என் மாமியார். "பழம்தானே பாட்டி, என்ன செஞ்சுடும்?" என்றாள் மகள்.

இரண்டு பக்கமும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அன்னாசியில் ப்ரோமெலைன் என்றொரு பொருள் உண்டு. புரதத்தைக் கரைக்கும் குணமுள்ளது. அதுவும் புளிப்பும் சேர்ந்துதான் நாக்கை அரிக்கின்றன. குழந்தைக்கு வாயைச் சுற்றிச் சிவந்து போகலாம்; இடுப்புத் துணி கட்டுமிடத்திலும் சிவக்கலாம். ஆனால் ஆறு மாதம் முடிந்து, மற்ற ஆகாரங்கள் பழகிய குழந்தைக்கு இது ஆகாத பழம் அல்ல. இதிலுள்ள வைட்டமின் சி, கீரை, கேழ்வரகிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர உதவும்.

நாங்கள் கொடுத்த முறை இதுதான். நன்றாகப் பழுத்த பழத்தில் தோலையும் கண்களையும் ஆழமாகச் சீவி, நடுத்தண்டை அடியோடு எடுத்துவிட்டோம். இட்லிப் பானையில் ஆவியில் வேகவைத்தோம். வெந்தால் ப்ரோமெலைனின் வேகம் அடங்கிவிடும். பிறகு மசித்து, நார் நீக்கி, வாழைப்பழ மசியலில் கலந்து அரை டீஸ்பூன். சர்க்கரை, உப்பு, தேன் எதுவும் கூடாது. ஒரு வயதுக்குள் தேன் ஆபத்து. சாறும் வேண்டாம். காலை வேளையில் கொடுத்து, மூன்று நாட்கள் வேறு புது ஆகாரம் எதுவும் சேர்க்காமல் கவனித்தோம். வாயை உடனே ஈரத்துணியால் துடைத்துவிட்டோம். லேசான சிவப்பு தானே மறையும். உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், ஓயாத வாந்தி, மூச்சுத் திணறல் என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் டாக்டரிடம் ஓட வேண்டும்.

புளிப்பை விட எனக்குப் பெரிய பயம் துண்டுகள்தான். ஒரு கல்யாண வீட்டில் ஒன்றரை வயதுப் பையன் தண்டோடு கூடிய துண்டை வாயில் போட்டுக்கொண்டு ஓடினான். தொண்டையில் அடைத்துச் சத்தமே வரவில்லை. அவன் அத்தை சட்டென்று தொடைமேல் தலை தாழக் குப்புறப் போட்டு, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடிப்பாகத்தால் ஓங்கித் தட்டினாள். மூன்றாம் தட்டில் வெளியே வந்து விழுந்தது. அன்று விரலை விட்டுத் தோண்டியிருந்தால் இன்னும் உள்ளே போயிருக்கும்.

ஆகவே, நடக்கும் குழந்தைக்கும் தண்டில்லாமல், மெல்லிய சிறு துண்டுகளாக நறுக்குங்கள். உட்கார வைத்து, எதிரே நீங்களும் உட்கார்ந்து கொடுங்கள். அடுப்பு வேலை பத்து நிமிஷம் காத்திருக்கட்டும்.