ஒன்பது டி.சி.

ஏப்ரல் மாதக் கடைசி வேலை நாள். கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு காலனிப் பள்ளிக்கூடம். நாங்கள் இருவரும் காலை பஸ்ஸைத் தவறவிட்டோம். டிராக்டரில் தொற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள், 38 பிள்ளைகள்.

தலைமை ஆசிரியை பீரோவைத் திறந்துபோட்டு, பதிவேடுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். மேசையில் கையெழுத்தும் முத்திரையும் போட்ட ஒன்பது டி.சி. இருந்தன. ஐந்தாம் வகுப்பை முடித்த ஒன்பது பேருக்கு உரியவை. ஆனால் வகுப்பில் இருந்தது ஆறு பேர்தான்.

மற்ற மூவர் எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை. பொங்கல் முடிந்ததும் முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைக்குப் போன குடும்பங்கள் எவை என்று எங்களுக்கே தெரியும். மழை பிடித்தால்தான் திரும்புவார்கள். அதற்குள் பள்ளி திறந்திருக்கும். "சேர்க்கை முடிஞ்சிடுச்சு" என்று யாராவது சொல்வார்கள், அவர்களும் நம்பிவிடுவார்கள். ஆண்டின் நடுவில் வந்தாலும், டி.சி. வரத் தாமதமானாலும் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. தோழர்களே, இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அலுவலக ஜன்னலில் நிற்கும்போது உதவும்.

சமூகவியல் படித்த பழக்கத்தில் நாங்கள் நோட்டில் 'இடைநிற்றல்' என்று தலைப்பிட்டிருந்தோம். டீச்சர் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, புள்ளைங்க நின்னுடுச்சுன்னு எழுதுறீங்களே, அதுங்களா நின்னுச்சு? அடுத்த பள்ளிக்கூடத்துல வா-ன்னு கூப்பிட ஆள் இல்ல."

போன வருடம் ஏழு பேருக்கு டி.சி.யைப் பெற்றோர் கையில் கொடுத்துவிட்டுத் தன் வேலை முடிந்தது என்று இருந்தாராம். இரண்டு பேர் ஆறாம் வகுப்பில் சேரவே இல்லை. சேர்ந்த ஒரு பெண்ணைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்து, முதல் வாரமே துடைப்பத்தையும் கொடுத்திருக்கிறார்கள். அவள் மூன்றாம் நாள் வீடு திரும்பிவிட்டாள். டீச்சருக்குத் தெரிய வந்தது ஆகஸ்டில்.

ஊர்த்தெருவைத் தாண்டி மூன்று கிலோமீட்டர் போகவேண்டும் என்பது ஒன்று. காலைச் சாப்பாடு இன்னொன்று. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைதான். விடியும் முன்பே கரும்பு வெட்டப் போகிற வீட்டில் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அடுப்பு எரிவதில்லை. பத்து வயது வரை பசித்த வயிறு பதினொன்றில் பசிக்காதா?

இந்த வருடம் டீச்சர் வேறு மாதிரி முடித்தார். மதியம் மூன்று மணிக்கு ஆறு பிள்ளைகளும், அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்த நான்கு தாய்மாரும் அவரோடு நடந்தார்கள். நாங்களும் பின்னால் போனோம். ஊர்த்தெருவில் பிள்ளைகளின் பேச்சு தானாக நின்றது. கோயில் திண்ணையில் இருந்தவர்கள் பார்த்தார்கள், யாரும் எதுவும் சொல்லவில்லை.

பெரிய பள்ளியில் "ஜூன்ல வாங்க" என்றார்கள். "வருவோம். இப்ப பேரை எழுதிக்குங்க" என்று டீச்சர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். ஒன்றரை மணி நேரம் போனது. ஆறு பெயரும் ஏறிய தாளைக் கையெழுத்தோடு வாங்கியபிறகுதான் எழுந்தார்.

வெட்கத்தோடு ஒன்றைச் சொல்லவேண்டும். அந்தப் பள்ளியில் அம்பேத்கர் படம் மாட்டச் சொல்லி நாங்கள் இரண்டு முறை மனு கொடுத்திருக்கிறோம். ஒரு பிள்ளையைக் கையைப் பிடித்து அங்கே சேர்க்க ஒருதரம்கூடப் போனதில்லை.

பஸ் வரும் நேரத்தில் டீச்சர் மீதி மூன்று டி.சி.யையும் பதிவேட்டின் நகல் பக்கத்தையும் எங்களிடம் நீட்டினார். "சூளை எங்க இருக்குன்னு உங்களுக்குத்தான் தெரியுமே. அப்பா அம்மா கையெழுத்து வாங்கிட்டு வந்து எங்கிட்ட குடுத்துடணும்."

இரண்டு குடும்பங்களிடம் போனில் பேசிவிட்டோம். மூன்றாவது எண் ஒரு வாரமாக அணைந்தே கிடக்கிறது. திருவள்ளூர்ப் பக்கம் என்று மட்டும் தெரியும். ஞாயிறு கிளம்புகிறோம். அங்கே சூளைகளில் வேலை செய்கிற தோழர்கள் இருந்தால் கூட வாருங்கள்.